காற்றை எங்கே அனுப்புவது? மோட்டார் சைக்கிள் கண்ணாடியின் கதை

கிளிநொச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ஏ9 வழியாக வந்தால் கிட்டத்தட்ட 65 கிலோமீற்றர். எங்கட கூட்டத்தில் ஒருத்தன் கிழமையில் நாலு நாள் அந்தத் தூரத்தை மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவன். போன வைகாசியில் சோளகம் தொடங்கினதோட, ஆனையிறவில் காத்து நெஞ்சில் அறையுது எண்டு சொல்லி, பிளாஸ்ரிக் முன்கண்ணாடி ஒண்டு வாங்கிப் பூட்டினான். நாங்களும் கூட நின்றுதான் பூட்டினது. பூட்டி முடிய எட்ட நின்று பார்த்து, வடிவாத்தான் இருக்கு எண்டும் சொன்னனாங்கள்.

நெஞ்சில் அடித்த காற்று நின்றது உண்மை. ஆனால் 60ஐத் தாண்டினதும் தலை ஆடத் தொடங்கிவிட்டது. பின்னால் ஆரோ இருந்து தலைக்கவசத்தைப் பிடிச்சு உலுக்கிற மாதிரி எண்டான். இரண்டு கிழமைக்குள், விரிவுரையில் வந்து இருந்தாலும் காதுக்குள் 'கூ' என்ற இரைச்சல் நிற்கவில்லை என்றான். காசு குடுத்து வாங்கின கண்ணாடி காற்றைக் கூட்டியதா குறைத்ததா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். எங்களில் ஒருவருக்கும் சாதாரண தரத்துக்கு மேல் விஞ்ஞானம் தெரியாது. வரலாறு படிக்கிற ஆக்களுக்குத் தெரிந்த ஒரே வழி, இது எப்ப தொடங்கினது என்று தேடுவது. அப்படித் தேடினதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விமான விபத்தைச் சொல்ல வேண்டும். 1930 யூலை 21ஆம் திகதி, பிரான்ஸின் லு துக்கே என்ற இடத்திலிருந்து லண்டனின் குரொய்டனுக்கு வந்துகொண்டிருந்த ஒரு யுங்கர்ஸ் விமானம், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் மியோபம் என்ற கிராமத்துக்கு மேல் ஆகாயத்திலேயே உடைந்து விழுந்தது. அதில் இருந்த ஆறு பேரும் இறந்தார்கள். விசாரணை செய்த பிரித்தானிய நிபுணர்கள் சொன்ன காரணம் அந்த நாளில் புதுசு. இறக்கையைக் கடந்த காற்று ஒழுங்காகப் போகாமல் பிய்ந்து, சுழிசுழியாகப் போய்ப் பின்னால் இருந்த வாலை விடாமல் அடித்திருக்கிறது. வாலுக்குத் தனியே ஒரு குறையும் இல்லை. அதற்கு முன்னால் நின்ற பொருள் காற்றைக் குழப்பி அனுப்பினதுதான் பிரச்சினை. 'பவ்ஃபெற்றிங்' என்ற சொல் விமானத்துறையில் பரவியது இந்த விபத்தோடுதான்.

இதை வாசித்தபோது எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. இறக்கையின் இடத்தில் எங்கட பிளாஸ்ரிக் கண்ணாடியையும், வாலின் இடத்தில் அவன்ர தலையையும் வைத்துப் பாருங்கோ. அதே கதைதான்.

காற்று ஏன் சுழிகிறது என்பதற்கு 1911இல் ஜேர்மனியின் கொட்டிங்கனில் இருந்த தியோடர் வொன் கார்மான் கணக்குப் போட்டு வைத்தார். ஒரு தடையைக் கடக்கிற ஓட்டம் இரண்டு விளிம்புகளிலும் மாறி மாறிச் சுழிகளை உதிர்க்கும். ஒன்று இடமாகச் சுற்றினால் அடுத்தது வலமாகச் சுற்றும். மாரியில் வாய்க்காலில் ஒரு தடியைக் குத்தி வைத்தால் அதன் பின்னால் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு செக்கனுக்கு எத்தனை சுழி என்று கணிக்கவும் ஒரு பரும்படி வழி இருக்கிறது: வேகத்தைத் தடையின் அகலத்தால் பிரித்து, வருவதில் ஐந்திலொன்றை எடுக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 22 மீற்றர். கண்ணாடியின் அகலம் 40 சென்ரிமீற்றர். கணக்குப் போட்டால் செக்கனுக்குப் பதினொரு சுழி. வளைந்த கண்ணாடிக்கு இந்தக் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தாது என்றாலும், தலையை ஆரோ பிடிச்சு உலுக்கின மாதிரி என்று அவன் சொன்னதன் அளவு இதுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளு நாலு மடங்காகும். ஊருக்குள் 40இல் ஓடும்போது ஒன்றும் தெரியாமல், பரந்தன் தாண்டின பிறகு எல்லாம் தெரிவதற்குக் காரணம் அது.

ஆனால் முதன்முதல் மோட்டார் சைக்கிளுக்குக் கண்ணாடி பூட்டின ஆக்கள் இதையெல்லாம் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு எதிரி மழையும் குளிரும் பூச்சியும். 1930களிலும் 40களிலும் அமெரிக்கப் பொலிஸ்காரருடைய வண்டிகளில் இருந்த கண்ணாடிகளைப் படங்களில் பாருங்கோ. நட்டமாக நிற்கிற ஒரு பெரிய பலகை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கைபிடியோடு பூட்டியிருப்பார்கள். அதற்குப் பின்னால் ஒளிந்தால் நனையமாட்டீர்கள். தலை ஆடுமா என்றால் ஆடும்தான். ஆனால் அந்த நாளில் அது முறைப்பாடாகவே எண்ணப்பட்டிருக்காது. மோட்டார் சைக்கிள் என்றால் உடம்பு நோக வேண்டும், நோகாவிட்டால் கார் வாங்கு என்கிற ஒரு ஆம்பிளைத்தனம் இந்த வரலாறு முழுக்க இருக்கிறது. இப்பவும் இருக்கிறது. கண்ணாடி பூட்டின அன்றைக்கே எங்கட நண்பனை இரண்டு பேர் நக்கலடித்தவை.

காற்றைப் பாரதூரமாக எடுத்தது பந்தயக்காரர்தான். அவர்களுக்குச் சொகுசு தேவையில்லை, வேகம் வேண்டும். இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் மண்டெல்லோ டெல் லாறியோ என்ற சிறு ஊரில் மோட்டோ குட்சி தொழிற்சாலை இருக்கிறது. 1950களின் தொடக்கத்திலேயே அவர்கள் தங்கட வளவுக்குள் ஒரு காற்றுச் சுரங்கம் கட்டிவிட்டார்கள். உள்ளே முழு அளவு மோட்டார் சைக்கிள், அதன்மேல் உண்மையான ஓட்டுநர், எதிரே பெரிய விசிறி. விமானத்துக்குச் செய்கிற சோதனையை ஒரு மோட்டார் சைக்கிள் கொம்பனி தனக்கெனக் கட்டின கூடத்தில் செய்தது. கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது.

அதன் விளைவாகப் பிரபலமானது 'டஸ்ற்பின்' என்று பட்டப்பெயர் வைத்த மூடி. முன்சில்லு உட்பட முன்பக்கம் முழுவதையும் மூடின ஒரு பெரிய முட்டைக்கோது. குப்பைவாளி என்று பெயர் வைத்தாலும் வேலை செய்தது. எஞ்சினின் வலு மாறாமலே வேகம் கூடியது. எதிர்க்காற்றுக்கு அது நல்லது. பக்கக்காற்று வந்தால்தான் சிக்கல். வண்டியின் பாரமையத்துக்கு முன்னால் இவ்வளவு பெரிய பரப்பு இருந்தால், பக்கத்திலிருந்து வருகிற ஒரு வீச்சு மூக்கைப் பிடித்துத் திருப்பிவிடும். சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் 1958 பருவத்திலிருந்து அதைத் தடைசெய்தது. முன்சில்லு வெளியே தெரிய வேண்டும், ஓட்டுநர் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று விதி வந்தது. இன்றைக்குப் பந்தய வண்டிகள் எல்லாம் ஒரே சாயலில் இருப்பதற்கு அந்த விதியும் ஒரு காரணம். மோட்டோ குட்சியும் 1957 முடிவோடு ஜிலேரா, மொண்டியல் கொம்பனிகளோடு சேர்ந்து பந்தயத்தை விட்டு விலகியது. கட்டி வைத்த சுரங்கத்தை நினைக்க எங்களுக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீர். சோளகம் பக்கத்திலிருந்துதான் வரும். கண்ணாடி எவ்வளவு பெரிசாக இருக்கலாம் என்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது என்று இந்தத் தடையை வாசித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

தெருவில் ஓடுகிற சாதாரண ஆக்களுக்கு மூடின வண்டி கொடுக்க அதே காலத்தில் பிரித்தானியாவில் முயன்று பார்த்தார்கள். 1954இல் வின்சென்ற் கொம்பனி 'பிளாக் பிரின்ஸ்' என்று ஒன்றைக் காட்டியது. உடுப்பில் அழுக்குப் படாமல் வேலைக்குப் போகிற கனவானுக்கான வண்டி. வாங்க ஆள் இல்லை. அடுத்த வருசமே கொம்பனி மோட்டார் சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டது. 1958இல் வந்த ஏரியல் 'லீடர்' அதைவிட நன்றாகப் போனது, ஆனால் அந்தப் போக்கு தொடரவில்லை. பிரித்தானியாவில் கார் மலிவாகிக்கொண்டு வந்த காலம் அது.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். இந்தக் கதையில் எங்களுக்கு ஆகப் பிடித்த ஆளும் அங்கேதான் வருகிறார். கிரெய்க் வெற்றர் 1942இல் பிறந்தவர். இலினோய் பல்கலைக்கழகத்தில் கைத்தொழில் வடிவமைப்புப் படித்து 1965இல் பட்டம் பெற்றார். அடுத்த வருசமளவில், அதாவது எங்கட வயசைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும்போது, மோட்டார் சைக்கிள் மூடிகள் செய்யத் தொடங்கிவிட்டார். பேர்போன ட்ரயம்ஃப் ஹரிகேன் வண்டியை வரைந்ததும் அவர்தான். ஆனால் நாங்கள் சொல்ல வந்தது 1971இல் அவர் கொண்டுவந்த 'வின்ட்ஜாமர்' பற்றி.

அந்த நேரம் ஹார்லி-டேவிட்சன் 1969இல் இருந்து எலெக்ட்ரா கிளைட் வண்டிக்கு வௌவால் சிறகு வடிவத்தில் ஒரு முன்மூடியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது முன்கவரோடு, அதாவது கைபிடி திரும்பினால் தானும் திரும்புகிற பாகத்தோடு, பூட்டப்பட்டது. காற்று மூடியில் அடித்தால் அந்த அடி நேரே கைபிடிக்குப் போகும். வெற்றர் தன் மூடியைச் சட்டகத்தோடு பூட்டினார். காற்றின் பாரத்தை வண்டியின் உடம்பு தாங்கும், கைபிடி விடுதலையாக இருக்கும். இது அவருடைய கண்டுபிடிப்பு மட்டும் என்று சொல்ல முடியாது. பந்தய மூடிகள் முன்பே அப்படித்தான் இருந்தன. அவருடைய கெட்டித்தனம் வேறு இடத்தில். மூடி ஒன்றுதான். ஒவ்வொரு வண்டி வகைக்கும் பொருந்த வேறு வேறு இரும்புத் தாங்கிகளை மட்டும் செய்து விற்றார். ஹொண்டாவோ கவாசாகியோ எதுவாக இருந்தாலும் அதே வின்ட்ஜாமர் வந்து உட்காரும்.

யப்பான் கொம்பனிகள் அப்போது கண்ணாடியே இல்லாமல்தான் பெரிய வண்டிகளை விற்றன. 1975இல் சந்தைக்கு வந்த ஹொண்டா கோல்ட்விங், நெடுந்தூரப் பயணத்துக்குப் பேர்போன வண்டி, முன்னால் வெறுமையாகத்தான் இருந்தது. வாங்கின ஆக்கள் தாங்களே வின்ட்ஜாமர் வாங்கிப் பூட்டினார்கள். 1980இல்தான் ஹொண்டா தானே மூடி வைத்த கோல்ட்விங்கைக் கொண்டுவந்தது. அதே 1980 மாதிரியில் ஹார்லியும் சட்டகத்தோடு பூட்டிய மூடியை டுவர் கிளைட்டில் வைத்தது. ஒரு பட்டதாரிப் பெடியன் பின்தளத்தில் தொடங்கின சாமானை, பத்து வருசம் போகப் பெரிய கொம்பனிகள் தங்களுடையதாக்கிக்கொண்ட கதை இது என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். 'பின்தளம்' என்பது அவளுடைய கற்பனை. மற்றபடி சரிதான். வெற்றர் 1978இலேயே தன் கொம்பனியை விற்றுவிட்டார். பிறகு எரிபொருள் மிச்சம் பிடிக்கிற வண்டிகளில் இறங்கி, முன்னால் மட்டுமல்ல, பின்னாலும் நீண்ட வால் வைத்து மூடிப் பார்த்தார். காற்றை எப்படித் திறக்கிறோம் என்பதைவிட எப்படி மூடி முடிக்கிறோம் என்பதில்தான் விசயம் கூட இருக்கிறது.

ஜேர்மனியர் இதை வேறு மாதிரி அணுகினார்கள். 1976இல் வந்த பீ.எம்.டபிள்யூ. ஆர்100ஆர்எஸ் வண்டியின் மூடியை ஹன்ஸ் மூத் வடிவமைத்தார். இத்தாலியில் தூரின் நகருக்குப் பக்கத்தில் இருந்த பினின்ஃபரீனா காற்றுச் சுரங்கத்தில் வைத்து அதைச் சோதித்தார்கள். மண்டெல்லோவில் பந்தயத்துக்காகக் கேட்ட கேள்வியை இங்கே வேலைக்குப் போகிற மனிசருக்காகக் கேட்டார்கள். கண்ணாடி கட்டை. ஓட்டுநர் கொஞ்சம் குனிந்து இருப்பார். நெஞ்சைக் காற்றிலிருந்து காப்பாற்றிவிட்டு, தலையைச் சுத்தமான காற்றில் விட்டுவிடுவது. இரண்டு வருசத்துக்குள் அதே கொம்பனி ஆர்100ஆர்டி என்று உயரமான, அகலமான மூடியோடு இன்னொன்றையும் விட்டது. அதில் நிமிர்ந்து இருக்கலாம், காற்று மேலால் போகும்.

இந்த இரண்டு வண்டிகளுக்கும் இடையில்தான் எங்கட பிரச்சினைக்கான விடை இருந்தது. தலை ஒன்றில் காற்றுக்கு மேல் சுத்தமான ஓட்டத்தில் இருக்க வேண்டும், அல்லது முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் அமைதியில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில், விளிம்பிலிருந்து பிய்ந்த காற்றும் அமைதியான காற்றும் உரசுகிற அந்தப் பட்டையில் தலை மாட்டினால்தான் உலுக்கும். எங்கட கண்ணாடி அவன்ர தலையைக் கொண்டுபோய் அச்சொட்டாக அந்தப் பட்டையில் வைத்திருந்தது. கட்டையான ஒருவருக்கு அதே கண்ணாடி சொர்க்கமாக இருந்திருக்கும். கண்ணாடியை நல்லது கூடாது என்று சொல்லவே முடியாது, ஆர் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. நீண்ட காலமாக ஓட்டுகிற ஆக்கள் சொல்கிற பொது அளவு, கண்ணாடியின் மேல்விளிம்பு மூக்கு நுனி மட்டத்துக்கு வர வேண்டும், அதற்கு மேலால் பார்த்து ஓட வேண்டும் என்பது. 1990களின் தொடக்கத்தில் பீ.எம்.டபிள்யூ. கே1100எல்டியில் ஆளிக்கு ஏற்ப மின்சாரத்தில் ஏறி இறங்குகிற கண்ணாடியே வைத்துவிட்டார்கள். பிரச்சினையை ஆளின் உயரத்திடமே விட்டுவிட்ட தீர்வு.

இன்னொரு விசயமும் இருக்கிறது, எங்களுக்கு ஆகப் பிந்தி விளங்கினது. கண்ணாடிக்குப் பின்னால் காற்று குறைந்து ஒரு வெற்றிடம் மாதிரி அமுக்கம் இறங்கும். மேலால் போகிற காற்றை அது பின்பக்கம் இழுத்து, தலையிலும் முதுகிலும் போடும். முதுகைத் தள்ளுகிற மாதிரி இருக்கு என்று அவன் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். அது பொய்யில்லை. கண்ணாடியின் அடியில் கொஞ்சக் காற்றை உள்ளே வரவிட்டால் அந்த அமுக்கம் சமப்படும், இழுவை குறையும். காற்றை நிறுத்த வேண்டுமென்றால் கொஞ்சக் காற்றை விட வேண்டும். 1969இல் வௌவால் சிறகைக் கொண்டுவந்த ஹார்லி, 2014 மாதிரி வண்டிகளில்தான் அதே சிறகின் நடுவில் காற்று போக ஒரு வாசலைத் திறந்தது. நாற்பத்தைந்து வருசம்!

இனிக் காது. பிரித்தானியாவில் 1990களில் அன்ட்ரூ மெக்கோம்ப் என்ற காது வைத்தியர் மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் தலைக்கவசத்துக்குள் இரைச்சலை அளந்தார். மணிக்கு 60 கிலோமீற்றரில் சுமார் 90 டெசிபெல், 160இல் சுமார் 110. எஞ்சின் சத்தம் என்று நாங்கள் நினைத்தது பெரும்பாலும் காற்றுச் சத்தம். பிறகு பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் காற்றுச் சுரங்கத்தில் ஒரு பொம்மைத் தலைக்குக் கவசம் போட்டு ஆராய்ந்தபோது, நாடிக்குக் கீழே கவசம் திறந்திருக்கிற இடம் இரைச்சலின் முக்கிய வாசல் என்று கண்டார்கள். கண்ணாடியின் விளிம்பிலிருந்து வருகிற சுழி அந்த இடத்தில் வந்து அடித்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தொழிற்சாலைகளுக்கு அமெரிக்காவின் நயோஷ் நிறுவனம் சொல்கிற அளவுப்படி 85 டெசிபெல்லில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடவும் நேரம் பாதியாகும். 91 என்றால் இரண்டு மணித்தியாலம். அவன் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். கணக்கைப் போட்டுவிட்டு நாங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

2015இல் இங்கே முகம் மூடிய தலைக்கவசத்தைத் தடைசெய்யப் பொலிஸ் முயன்று, விசயம் நீதிமன்றம் வரை போனது ஞாபகம் இருக்கலாம். களவு, பாதுகாப்பு என்று எல்லாம் விவாதித்தார்கள். காதைப் பற்றி ஆரும் கதைத்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. எங்கட அம்மா அப்பா ஆக்களின் காலத்தில், தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள், மண்ணெண்ணெயில் புகை தள்ளிக்கொண்டு ஓடின எம்.டி. 90இல் இந்தப் பிரச்சினைக்கே இடமில்லை. அந்த வேகத்தில் காற்று ஒருத்தரையும் அறையாது. இது திறந்த றோட்டின், கார்ப்பெற் றோட்டின் வருத்தம்.

பின்னுக்கு இருந்து வருகிறவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. தேடிப் பார்த்த சுரங்கப் படங்களில் எங்களுக்குக் கிடைத்தவை எல்லாவற்றிலும் ஓட்டுநர் தனியாகத்தான் இருந்தார். எங்கட ஊரில் அந்தப் பின்சீற்றில் பெரும்பாலும் பொம்பிளையள். அவனுடைய தங்கச்சி வெள்ளிக்கிழமைகளில் கூட வருவாள். கண்ணாடிச் சண்டை நடந்த இரண்டு கிழமையும் அவளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டபோது, "அண்ணாக்கு இப்பதானே தலை ஆடுது, எனக்கு நீங்கள் கண்ணாடி பூட்ட முன்னமே ஆடினதுதானே" என்றாள். முன்னால் இருக்கிற ஆளின் தோளும் தலையுமே அவளுக்கு வந்து சேருகிற சுழிகளைச் செய்கின்றன. கண்ணாடி அதற்கு மேல் இன்னொரு சுழி.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றி, மூக்கு நுனி அளவுக்கு மேலால் இருந்ததை ஒரு பட்டறையில் குடுத்து வெட்டி, விளிம்பை உரஞ்சினோம். பூட்டும்போது அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, கொஞ்சம் பின்பக்கம் சாய்த்தோம். ஒவ்வொரு முறையும் பரந்தன் வரை ஓடிப் பார்த்து, திருப்பி வந்து, இன்னும் கொஞ்சம் சாய்த்து, நாலு தரம். 70இல் உலுக்கல் பெருமளவு நின்றுவிட்டது. ஆனையிறவில் பக்கக்காற்றுக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. பாமசியில் வாங்கின பஞ்சு மாதிரியான காது அடைப்பான்கள் இரண்டு சோடி, ஒன்று அவனுக்கு, ஒன்று தங்கச்சிக்கு. ஹோர்ண் சத்தம் கேட்குமா எண்டு அம்மா பயந்தவ, கேட்கிறது. இரைச்சல் குறைஞ்சிருக்கு எண்டு அவன் சொல்கிறான், இரவில் மட்டும் இன்னும் கேட்குதாம். அடுத்த மாசம் காது கிளினிக்குக்குத் திகதி எடுத்திருக்கு.